அப்பாவின் ஆதனத்தைப் பார்க்க அண்ணன் கூலி எடுக்கலாமா?

கேள்வி: நான் யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கிறேன். மரணசாதனம் (உயில்) எழுதாமலே அப்பா காலமாகிவிட்டார். அம்மாவுக்கு வயது போய்விட்டதால், என்னை ஆதன நிருவாகியாக நியமிக்கும்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். தம்பி ஒருவர் கனடாவில், மற்றவர் லண்டனில். "மினக்கெடுறதுக்கு ஏதும் எடுங்கோ அண்ணை" என்கிறார் கனடாத் தம்பி. "அப்பான்ர சொத்துக்குக் கூலியோ?" என்று கேட்கிறார் மற்றவர். என்ன செய்வது?

பதில்: எடுக்கலாம். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 1889இல் வந்தது. அதன் 553ஆம் பிரிவு நிருவாகிக்குக் கமிஷன் கொடுக்கலாம் என்கிறது. ஆகக் கூடியது 3 வீதம். அதற்குள் எவ்வளவு என்பதை நீதிமன்றமே பார்க்கும்.

செலவு வேறு, கமிஷன் வேறு. முத்திரை, பத்திரிகை விளம்பரம், நில அளவையாளர், சட்டத்தரணி கட்டணம் எல்லாம் ஆதனத்திலிருந்தே போகவேண்டியவை. அவற்றுக்காகத் தம்பிமாரிடம் கூச்சப்படத் தேவையில்லை. பற்றுச்சீட்டுகளை மட்டும் கவனமாக வைத்திருங்கள்.

கமிஷன் யாருடைய பங்கிலிருந்து போகிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நீங்கள் தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்டவர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். வீடும் காணியும் அப்பாவின் தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு அவர் தேடிய சொத்து) என்றால், அதில் பாதி அம்மாவுக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்கு. ஒரு பேச்சுக்கு ஆதனம் 2 கோடி ரூபா என்று வையுங்கள். 3 வீதம் என்றால் 6 இலட்சம். அதில் 3 இலட்சம் அம்மாவின் தலையில் விழுகிறது. மிச்சம் 3 இலட்சத்தில் உங்கள் பங்கு 1 இலட்சம், அது உங்கள் சட்டைப்பையிலிருந்து உங்கள் சட்டைப்பைக்கே வருகிறது. தம்பிமார் இருவரிடமிருந்தும் வருவது 2 இலட்சம்தான். லண்டன் தம்பி கோபப்படுவது இந்தத் தொகைக்குத்தான். அம்மாவின் 3 இலட்சத்தைப் பற்றி அவர் யோசித்திருக்கவும் மாட்டார்.

நான் சொல்வது: அம்மாவின் பங்கில் கை வைக்காதீர்கள். தம்பிமாரின் பங்குக்கு மட்டும் ஒரு தொகை பேசி எடுங்கள். இரண்டு பேரும் வெளிநாட்டில் இருக்க, நீதிமன்றத்துக்கும் வங்கிக்கும் கிராம சேவையாளரிடமும் அலைபவர் நீங்கள். அதற்கு வாங்குவதில் வெட்கம் என்ன? "எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்று பெருந்தன்மை காட்டிவிட்டு, வீட்டு வாடகையைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளும் அண்ணன்மாரால்தான் நீதிமன்றத்தில் சண்டை வருகிறது. வாடகை ஆதனத்தின் காசு. அது கணக்கில் வரவேண்டும்.

உங்களை நிருவாகியாக நியமித்து நீதிமன்றம் தரும் நிருவாகப் பத்திரம் கிடைத்ததிலிருந்து 12 மாதத்துக்குள் இறுதிக் கணக்குப் போடவேண்டும் என்கிறது 551ஆம் பிரிவு. கணக்குக் காட்டாமல் இழுத்தடிப்பவர் கமிஷன் கேட்டு நிற்க முடியாது.

இப்போதே தம்பிமார் இருவருக்கும் ஒரே கடிதம் அனுப்புங்கள், தனித்தனியாகத் தொலைபேசியில் பேசவேண்டாம். என்ன வேலை, எவ்வளவு தொகை, எப்போது எடுப்பது, அம்மாவின் பங்கு தொடப்படாது, எல்லாம் அதில் இருக்கட்டும். அவர்களுக்காகக் கையொப்பமிட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் உங்களிடம் இருந்தாலும், அதை வைத்து உங்கள் கூலிக்கு நீங்களே அவர்கள் சார்பில் சம்மதம் எழுதிவிடாதீர்கள். அவர்களே கையொப்பமிட்டு அனுப்பட்டும். லண்டன் தம்பி மறுத்தால், அவருடைய பங்கை விட்டுவிட்டு கனடாத் தம்பி தருவதை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் எழுத்து வேண்டும்.