குழந்தை தானே கால் கழுவிக்கொள்ள எப்போது, எப்படிப் பழக்குவது?

மலம் கழித்த பிறகு பெரியவர் துணையில்லாமல் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, கையையும் சோப்பால் சுத்தம் செய்துகொள்வதைத்தான் இங்கே சொல்கிறேன். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது 4, 5 வயதில்தான் கைவரும். அதற்கு முன் கை பின்பக்கம் சரியாக எட்டாது. ஒரு கையால் மக்கைச் சாய்த்துக்கொண்டே மறு கையால் தேய்ப்பதும் சிரமம். அதனால் சின்ன மக் கொடுங்கள், பாதி மட்டும் நிரப்புங்கள். முதலில் நீங்கள் கழுவிவிட்டு, கடைசி மக்கை மட்டும் குழந்தையிடம் விடுங்கள்.

முன்னிருந்து பின்னாகத்தான் கழுவ வேண்டும். பெண் குழந்தைகளுக்கு இது ரொம்ப முக்கியம். அவர்களுக்குச் சிறுநீர்த் துவாரம் ஆசனவாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது, உள்ளே குழாயும் குட்டை. குடலில் சாதுவாக இருக்கும் ஈ.கோலை கிருமி அங்கே போய்ச் சேர்ந்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். வீடு கழுவும்போது அழுக்குத் தண்ணீரை வாசல் பக்கம்தானே தள்ளுவோம், அடுப்படிக்குள் விடமாட்டோமே, அதுபோல.

வழவழப்பு போய்விட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் 20 விநாடி சோப்பு, நகக்கண் உட்பட.

சின்னக் குழந்தையின் மலத்தில் கிருமி இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். வயிற்றுப்போக்கைப் பரப்பும் கிருமிகள் அதிலும் தாராளமாக உண்டு.