கிண்ணியாப் பாலத்தில் வந்த படபடப்பு: இடமாற்றம் கேட்கலாமா?

கேள்வி: கிண்ணியாவிலிருந்து திருகோணமலை டவுனுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தேன். சில மாதங்களுக்கு முன், பாலத்தில் பஸ் நின்றபோது நெஞ்சு படபடத்து, கைவிரல் விறைத்து, மூச்சு முட்டியது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். ஈசிஜி, இரத்தப் பரிசோதனை எல்லாம் சரி என்றார் டொக்டர். அதன்பிறகு கணவரின் மோட்டார் சைக்கிளில்தான் போகிறேன். இப்போது அதிலும் அந்தரம். ஊருக்குள்ளேயே இடமாற்றம் கேட்கட்டுமா?

பதில்: சகோதரி, இப்போதைக்குக் கேட்காதீர்கள். பஸ்ஸை விட்டீர்கள், பயம் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது. ஒவ்வொரு முறை விலகும்போதும் கிடைக்கும் நிம்மதியே, “விலகியதால்தான் பிழைத்தேன்” என்று மூளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறது.

உங்களுக்கு வந்தது பெரும்பாலும் கடும் பதகளிப்புத்தான், அதாவது திடீரென உச்சத்துக்கு ஏறும் பயம். அட்ரினலின் என்ற ஹோர்மோன் கூடுவதால் இதயம் வேகமாக அடிக்கிறது. அளவுக்கு மிஞ்சி மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து விரல் விறைக்கிறது. ஆகவே மூச்சை இழுத்து இழுத்து விடாதீர்கள். இது உச்சத்துக்கு வரப் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள்தான் ஆகும், பிறகு தானாக இறங்கும். பாலத்தின் நீளம் 396 மீற்றர். பஸ் ஓடினால் ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது நீங்கள் அக்கரையில் இருப்பீர்கள், “இறங்கிவிடு” என்று மனம் நச்சரிக்கும். அங்கேதான் இறங்கக் கூடாது. சீனன்குடா தாண்டும்வரையாவது இருங்கள்.

பயத்தோடு சண்டை போடாமல் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் ஏற்றுக்கொள்வதைப் பலர் பயத்தை விரட்டும் மருந்தாக எடுத்துக்கொள்கிறார்கள். “ஏற்றுக்கொண்டேனே, ஏன் இன்னும் போகவில்லை?” என்று நிமிடத்துக்கொரு தரம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தால் அதுவும் விரட்டுவதுதான். அவுஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ் 1960களிலேயே சொன்னார்: எதிர்கொள், ஏற்றுக்கொள், மிதந்து போ, காலம் கடக்க விடு. படபடப்பு இருக்கட்டும். அதோடு டிக்கட் எடுங்கள், ஜன்னலால் குடாவைப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவரோடு கதையுங்கள்.

முதலில் பின்னேரத்தில் ஒருவரோடு பாலத்தில் நடந்து பழகுங்கள். பிறகு துணையோடு பஸ், அதன்பின் தனியே. அடுத்த படிக்குப் போகப் பயம் முழுதாகப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். வாசலோர சீற், கையில் எப்போதும் தண்ணீர்ப் போத்தல், வீட்டுக்குக் கோல் எடுப்பது, இவையும் ஒளிந்திருக்கும் விலகல்களே. ஒவ்வொன்றாக விடுங்கள். வழக்கமாக ஓதுவதை ஓதுங்கள், படபடப்பு நின்றதா என்று சோதிப்பதற்காக மட்டும் ஓத வேண்டாம். கடும் சாயத் தேநீரைக் கொஞ்சம் குறையுங்கள்.

கணவர் “ஒன்றுமில்லை, பயப்படாதே” என்று சொல்லவே வேண்டாம். டவுனில் இறங்கியதும் வேறு கதை கதைத்தால் போதும்.

நித்திரை கெட்டாலோ, வேலையே ஓடாவிட்டாலோ, வாழ்வே வெறுத்தாலோ தனியே மல்லுக்கட்டாதீர்கள். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநல சிகிச்சை பற்றி விசாரியுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம். மருந்து தந்தால் குணம் தெரியச் சில வாரம் எடுக்கலாம், இடையில் நிறுத்தாதீர்கள். அந்த நாட்களிலும் பஸ்ஸில் ஏறுங்கள்.