பழைய கேமும் புதிய கொம்பியூட்டரும்: கேட்டதும் சொன்னதும்

கல்முனையில் கொம்பியூட்டர் திருத்துகிறவன் நான். என்னவும் கேளுங்க என்றதுக்குப் பாதிப்பேர் கேமைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீங்க. எனக்கும் அதுதான் விருப்பம்.

கல்லடி: அண்ணன், பழைய ரீவி கேம் பெட்டியும் கசெற்றும் அலுமாரிக்குள்ள கிடந்துச்சு. போட்டா திரை முழுக்கக் கோடு. முந்தி ஊதிப் போட்டா வரும், இப்ப ஊதியும் வருகுதில்ல.

ஊதினதால வந்ததில்ல தம்பி, கழற்றித் திருப்பிப் போட்டதால வந்தது. கசெற்றின் செம்பு முனை உள்ளே இருக்கிற ஊசியில் சரியாகத் தொடாவிட்டால் கோடு விழும். எடுத்துக் குத்தும்போது தொடுப்புச் சரியாகும், நாம ஊதினதுக்குப் பெயர் வாங்கிக்கொண்டோம். வாயீரம் பட்டால் முனை களிம்பு பிடிக்கும், நிண்டெண்டோ கம்பனியே ஊத வேண்டாம் என்றது. கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று ஏற்கெனவே பாதியைத் தின்றிருக்கும். காதுப்பஞ்சில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டு முனையைத் துடையுங்க. பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும்வரை பஞ்சை மாற்றி மாற்றித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்க. ஸ்டிக்கரில் லட்சக்கணக்கில் கேம் என்று இருந்தால் நம்ப வேண்டாம். கொஞ்சக் கேமையே பெயர் மாற்றி அடுக்கியிருப்பான்.

திருக்கோவில்: கரண்ட் போய் வந்தால் திகதி பழைய வருசத்துக்குப் போகுது. வெப்சைட்டும் திறக்குதில்ல.

மதர்போர்ட்டில் வட்ட பற்றறி ஒன்று இருக்கும், சீ.ஆர். 2032. மாற்றுங்க. திகதி பிழையென்றால் பிரவுசர் வெப்சைட்டை நம்பாது, இரண்டும் ஒரே நோய்தான்.

காத்தான்குடி: நானா, நானும் தம்பியும் ஒரே கீபோர்ட்டில ஃபிஃபா விளையாடுறம். அவன் ஓடுற நேரம் நான் அடிச்சா பந்து போகுதில்ல. ஷிஃப்ட்ட நாலஞ்சு தரம் தட்டினா ஒரு பெட்டி வந்து கேம் கீழே போகுது.

முதலாவதில் உங்கட விரலில் பிழையில்லை. விலை குறைஞ்ச கீபோர்ட்டில் பட்டன்களை நிரை நிரலாக வயரில் கோத்திருப்பார்கள். சில மூன்று பட்டனை ஒன்றாக அமத்தினால் எது எதென்று அதுக்கே தெரியாது, அதனால் மூன்றாவதை விட்டுவிடும். மூலையில் கிடக்கிற பழைய யூ.எஸ்.பி கீபோர்ட் ஒன்றையும் சேர்த்துக் குத்துங்க. விண்டோஸ் இரண்டையும் ஏற்கும், ஆளுக்கொன்று, சண்டையில்லை.

அந்தப் பெட்டி ஸ்டிக்கி கீஸ். ஷிஃப்ட்டை 5 தரம் தட்டினால் வரும். இரண்டு பட்டனை ஒன்றாக அமத்த முடியாதவர்களுக்காகச் செய்தது, அவர்களுக்கு அது பெரிய உதவி. கேம்காரனுக்குத்தான் தலையிடி. செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி, அதுக்குள் கீபோர்ட், அங்கே ஷோர்ட்கட்டை மட்டும் நிப்பாட்டுங்க.

சம்மாந்துறை: விண்டோஸ் 11 இல் பிரின்ஸ் ஒவ் பேர்சியா விளையாடலாமா?

தாராளமா. விண்டோஸ் 11 வெறும் 64-பிட், அதில் விண்டோஸுக்கு முந்தின டொஸ் காலத்துக் கேம் நேரே ஓடாது. அதை ஓட்டித் தருகிற டொஸ்பொக்ஸ் என்ற மென்பொருள் இலவசம். அதைப் போட்டு, கேம் ஃபைலை அதன் ஐகனுக்கு மேல் இழுத்து விடுங்க. மெதுவாக ஓடினால் கன்ட்ரோலோடு எஃப்12, பறந்தால் எஃப்11. மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் எஃப்10. மூன்றையும் கன்ட்ரோலோடுதான் அமத்த வேணும்.

இந்தக் கேம் 1989 இல் வந்தது. செய்த ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் பாயவும் விட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு அசைவாக வரைந்தார். அதனால்தான் பட்டனை அமத்தினதும் இளவரசன் பாயமாட்டான், காலை ஊன்றித்தான் பாய்வான். முள்ளில் விழுந்தவர்கள் கீபோர்ட்டைத் திட்டாமல் ஒரு அடி முந்தி அமத்திப் பழகுங்க. 60 நிமிசக் கெடு இப்பவும் இருக்கு.

அக்கரைப்பற்று, ஆசிரியை: பழைய வினாத்தாள்களைப் புது லெப்டொப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய் வருகிறது. ஃபைல் பழுதா?

பழுதில்லை டீச்சர். பாமினியில் அடித்தது. அந்த எழுத்துரு, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம் போடும். எழுத்துரு இல்லாத மெசினில் வேடம் கலைந்துவிடும். பாமினியை இன்ஸ்டோல் செய்தால் இன்றைக்குத் தெரியும். ஆனால் போனில் அனுப்பவும் தேடவும் வேண்டுமென்றால் எல்லா மெசினுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்கு மாற்றத்தான் வேணும், அதுக்கு இலவச மாற்றிகள் இருக்கு. தாளில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழாக்கிக் குழப்பிவிடும். அந்த வரிகளைக் கையால் திருத்துங்க, மூலத்தை அழிக்க வேண்டாம்.

ஏறாவூர்: பழைய ரீவி கேமில வாத்து சுடுற துவக்கு எல்.ஈ.டி ரீவியில் வேலை செய்யுதில்ல. துவக்கு பழுதா?

இல்லை. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து நின்ற இடத்தில் வெள்ளைச் சதுரம் வரும். துவக்கின் கண் அந்த வெளிச்சத்தைத்தான் பார்க்கும். பழைய பெட்டி ரீவியின் வேகத்துக்குக் கணக்குப் போட்டது, எல்.ஈ.டியில் படம் பிந்தி வரும், துவக்கு அதுக்குள் பார்த்து முடித்திருக்கும். யாராவது பழைய ரீவியை எறியப் போனால் கேட்டு வாங்குங்க, தூக்க இரண்டு பேர் போங்க.