கணக்கு வாயில் வருகிறது, கையில் வரவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். மகன் ஏழாம் வகுப்பு, மலையாள மீடியம். போன மாதம் அவன் அப்பா பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு ஆளியாற்றுத் தண்ணீர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கேரளப் பங்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. என்று பேச்சு வந்தது. "அதை வருஷம் பூரா ஒரே சீராக விட்டால் விநாடிக்கு 230 கன அடிதானே வரும்" என்றான் இவன். பேனா, பேப்பர் எதுவும் கையில் இல்லை.

இதே பையன் கணக்குப் பரீட்சையில் ஐம்பதுக்குப் பதினான்கு. எழுத்து கோணல், பாதி விடையோடு நிறுத்திவிடுகிறான். வாசிக்கும்போது மலையாளக் கூட்டெழுத்து வந்தால் திணறுகிறான். தமிழை நான்தான் வீட்டில் சொல்லிக்கொடுத்தேன், அதிலும் அதே தடுமாற்றம். மூளை இருந்தும் சோம்பேறி என்கிறார் டீச்சர். சனிக்கிழமைகளில் என் அண்ணனின் மோட்டார் வைண்டிங் கடைக்குப் போவான். மார்க் வரும்வரை போகக்கூடாதென்று அவன் அப்பா நிறுத்திவிட்டார். அதிலிருந்து யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. இது என்ன பிரச்சினை? அவனிடம் என்ன சொல்வது? பெயர் வேண்டாம்.

---

அன்புள்ள தங்கைக்கு,

வருகிற சனிக்கிழமையே அவனை வைண்டிங் கடைக்கு அனுப்புங்கள். மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். தனக்கு வரும் என்று அவனுக்கே தெரிந்த ஒரே இடம் அது. மார்க்குக்குப் பிணையாக அதைப் பிடித்துவைத்தால் மார்க்கும் வராது, பையனும் சுருங்கிப் போவான். எழுத்துச் சரியானபிறகு திறமையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். எழுத்துச் சரியாக வருஷக்கணக்காகலாம். அத்தனை காலம் ஒரு குழந்தையைத் தோல்வியில் மட்டும் வைத்திருக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவன் சொன்னதை நானும் போட்டுப் பார்த்தேன். 7.25 டி.எம்.சி. என்றால் 725 கோடி கன அடி. அதை ஒரு வருஷத்தின் 3 கோடியே 15 லட்சத்துச் சொச்சம் விநாடிகளால் வகுத்தால் 229.9 வருகிறது. ஏழாம் வகுப்புப் பையன் இதை மனசில் போடுகிறான். அவன் விடைத்தாளைப் பார்த்துச் சோம்பேறி என்று எழுதிவிடுவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

அபாரத் திறமையும் கற்றல் குறைபாடும் ஒரே குழந்தையிடம் இருக்கலாம். இருந்தால் ஒன்றை ஒன்று மறைக்கும். திறமையை வைத்து ஊகித்துச் சமாளிப்பதால் சின்ன வகுப்புகளில் குறைபாடு தெரியாது. வகுப்பு ஏறி எழுத்து வேலை கூடும்போது குறைபாடு முன்னால் வந்து திறமையை மூடிவிடும். டிஸ்லெக்ஸியா வாசிப்பையும், டிஸ்கிராஃபியா எழுதுவதையும் பாதிக்கும். புத்திக்கூர்மைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. எழுத்தின் வடிவத்துக்கும் ஸ்பெல்லிங்குக்குமே கவனம் முழுக்கச் செலவாகிவிட்டால், மனசில் இருக்கும் விடை தாளுக்கு எப்படி வந்து சேரும்?

நம் எல்லை ஊர்களில் இதற்கு மேல் ஒரு குழப்பமும் உண்டு. வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம், கூடவே இங்கிலீஷும் ஹிந்தியும். பிள்ளை திணறினால் "தமிழ்ப் பிள்ளை, மலையாளம் பழகவில்லை" என்று விட்டுவிடுவார்கள். சில பிள்ளைகளுக்கு அது உண்மையும்கூட. ஆனால் உங்கள் மகன் தாய்மொழியிலும் அதேபோலத் தடுமாறுகிறான். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த வரிதான். பரிசோதிப்பவரிடம் இதை முதலில் சொல்லுங்கள். அவன் தமிழ் நோட்டையும் எடுத்துப் போங்கள்.

கண்ணையும் காதையும் முதலில் பார்த்துவிடுங்கள். பிறகு பள்ளி மூலமாக உங்கள் வட்டார வள மையத்தின் (பி.ஆர்.சி.) ஸ்பெஷல் டீச்சரைக் கேளுங்கள். முழுப் பரிசோதனைக்கு உங்கள் மாவட்டத்திலேயே ஷொர்ணூரில், பேச்சு, மொழி, கற்றல் பிரச்சினைகளைப் பரிசோதிக்கும் இக்கான்ஸ் (ICCONS) நிலையம் இருக்கிறது. அறிவுத்திறன் தேர்வு வைத்தால் மொத்த ஐ.க்யூ. எண்ணோடு திருப்திப்படாதீர்கள். யோசிக்கும் திறன் 130, எழுத்து வேகம் சார்ந்த பகுதி 85 என்று வருகிற பிள்ளைகள் உண்டு. இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக்கினால் சுமாரான பிள்ளை போலத் தெரியும். பகுதி வாரியான எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் ஹெட்மாஸ்டரைப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு எல்லாம் அதன் 17-வது பிரிவில் இருக்கின்றன. நாலு மொழிகளுக்கு நடுவில் நிற்கிற பிள்ளைக்கு அந்தக் கடைசிச் சலுகை எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். இவற்றுக்கு அரசு மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள், பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் இப்போதே வாங்கிவையுங்கள். சான்றிதழ் இல்லாமலே டீச்சர் செய்யக்கூடியதும் நிறைய இருக்கிறது. கணக்கு விடையை வாயால் கேட்கலாம். போர்டைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துத் தரலாம்.

வாசிப்புப் பயிற்சியை விட்டுவிடச் சொல்லவில்லை. தினமும் அரை மணி நேரம், ஒலியையும் எழுத்தையும் சேர்த்து, சத்தமாகச் சொல்லி, விரலால் எழுதிப் பழகட்டும். தப்பான வார்த்தையைப் பத்துத் தடவை எழுதச் சொல்கிற வழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள். அதில் பயத்தைத் தவிர வேறெதுவும் பதியாது. இன்னொரு பக்கம், அவன் கணக்குக்கும் தீனி போடுங்கள். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புக் கணக்குகளை வாசித்துக் காட்டுங்கள், அவன் விடை சொல்லட்டும்.

அவன் அப்பாவைக் குற்றம் சொல்லாதீர்கள். மகன் படிப்பு போய்விடுமோ என்ற பயத்தில் செய்திருக்கிறார். பரிசோதனைக்கு அவரையும் கூட்டிப் போங்கள். டாக்டர் வாயால் கேட்டால் நம்புவார்.

அவனிடம் என்ன சொல்வதென்று கேட்டிருந்தீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். இந்த வயதில் தனக்கு ஏதோ கோளாறு என்று அவனே முடிவுகட்டியிருப்பான். "உனக்குக் கணக்கு மற்றவர்களைவிட வேகமாக வருகிறது, எழுத்து மற்றவர்களைவிட மெதுவாக வருகிறது. இதற்குப் பெயர் இருக்கிறது, வழியும் இருக்கிறது. நீ சோம்பேறி இல்லை, அம்மாவுக்குத் தெரியும்." அப்பாவும் பக்கத்தில் இருக்கும்போது இதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா