கோபுரத்தைப் பெட்டியாக்காதீர்கள்: கட்டடப் படங்கள் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான். கட்டடம் பின்னால் சாய்கிறது, மேலே போகப்போகக் குறுகுகிறது. எல்லாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு ஏறிவிட்டீர்கள் போலிருக்கிறது. பதிலுக்குப் போகும் முன் என் வழக்கமான பல்லவி: லென்ஸ் ப்ரொஃபைல் (லென்ஸ் தரும் வளைவை நீக்கும் திருத்தம்) முதலில், சாய்ந்த கோடுகளை நிமிர்த்துவது அடுத்து, க்ராப் (ஓரத்தை வெட்டுவது) கடைசியில். இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

கே: சேலம் ஐந்து ரோட்டில் எங்கள் கடை இருக்கும் நாலு மாடிக் கட்டடத்தைச் செல்போனில் எடுத்தேன். லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் வெர்டிகல் ஸ்லைடரைத் தள்ளினால் இடது பக்கம் நேராகிறது, வலது பக்கம் சாய்ந்தே நிற்கிறது.

போனை அண்ணாந்து மட்டும் பிடிக்கவில்லை, பக்கவாட்டிலும் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள். ஒரே ஸ்லைடர் இரண்டையும் சரிசெய்யாது. ட்ரான்ஸ்ஃபார்ம் பகுதியில் அப்ரைட் (நிமிர்த்தும் பட்டன்கள்) வரிசையில் இருக்கும் கைடட் (நாமே கோடு போட்டுக் காட்டுவது) என்பதை எடுங்கள். கட்டடத்தின் இடது ஓர மூலையில் ஒரு கோடு, வலது ஓர மூலையில் ஒரு கோடு, தரையிலிருந்து மொட்டை மாடிவரை நீளமாக. குறைந்தது 2 கோடு வேண்டும், 4 வரை போடலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஜன்னலில் குட்டிக் கோடுகளாகப் போட்டால் சின்னப் பிசகும் படம் முழுக்கப் பெரிதாகிவிடும், அதனால் கோடுகள் எவ்வளவு நீளமோ, எவ்வளவு தள்ளியோ அவ்வளவு நல்லது. மூலையிலிருந்து எடுத்து இரண்டு பக்கச் சுவரும் தெரிகிற படமாக இருந்தால் ஃபுல் பட்டனை (கிடைக்கோடுகளையும் சேர்த்து நேராக்குவது) தொடவே வேண்டாம், செங்குத்தை மட்டும் நிமிர்த்துங்கள்.

கே: நான் எடுத்த போட்டோ சரியாக வரவில்லை. என்ன செய்யலாம்?

என்ன படம், எந்தக் கேமரா, எந்த மென்பொருள், என்ன சரியில்லை? எதுவும் எழுதாமல் கேட்டால் ஜோசியர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கே: ஏற்காட்டில் எங்கள் காட்டேஜைப் படமெடுத்து நிமிர்த்தினேன். கோடுகள் எல்லாம் நேராகிவிட்டன, ஆனால் வீடு ஒல்லியாக, உயரமாக, வேறு யாரோ வீடு போல இருக்கிறது.

நல்ல கேள்வி, ஏனென்றால் பெரும்பாலோர் இதைக் கவனிப்பதே இல்லை. கோடுகளை நேராக்குவது ஒரு வேலை, அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைக் காப்பாற்றுவது இன்னொரு வேலை. அந்த விகிதம் சரியாக வர, படம் எந்த ஃபோகல் லென்த்தில் (லென்ஸின் மில்லிமீட்டர் அளவு) எடுத்தது, லென்ஸ் எந்தப் புள்ளியைப் பார்த்தது என்ற இரண்டும் மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். படத்தின் நட்ட நடுவைத்தான் லென்ஸ் பார்த்ததாக அது எடுத்துக்கொள்ளும். நீங்கள் அனுப்பிய படத்தில் கீழே முற்றத்தை ஏற்கெனவே வெட்டியிருக்கிறீர்கள், ஆக நடுப்புள்ளி இடம் மாறிப்போச்சு, கணக்கும் போச்சு. க்ராப் கடைசியில் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

வெட்டாத மூலப் படத்திலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். டார்க்டேபிள் என்ற மென்பொருளில் ரொட்டேட் அண்ட் பெர்ஸ்பெக்டிவ் மாட்யூலில் ஃபோகல் லென்த்தையும் க்ராப் ஃபேக்டரையும் (சென்சார் எவ்வளவு சிறியது என்று சொல்லும் எண்) நீங்களே கொடுக்க முடியும். லைட்ரூமில் ஆஸ்பெக்ட் ஸ்லைடர் இருக்கிறது. அதை எவ்வளவு தள்ளுவது என்று தெரிய ஒரு டேப்பை எடுத்து வாசல் நிலையை அளந்துவிடுங்கள். நிலை 7 அடிக்கு மூன்றரை என்றால் படத்திலும் உயரம் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு வர வேண்டும், அவ்வளவுதான். நேர் எதிரே நின்று எடுத்த படத்துக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு.

கே: கம்ப்யூட்டர் இல்லை, போன் மட்டும்தான்.

ஸ்னாப்சீட் ஆப், அதில் பெர்ஸ்பெக்டிவ் கருவி, அதில் டில்ட். போதும். ஓரத்தில் அதுவாக இட்டு நிரப்பும் வானத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள், சில நேரம் மின்கம்பியை இரண்டாக வரைந்து வைத்திருக்கும்.

கே: கோயில் கோபுரத்தை எடுத்து அப்ரைட்டில் ஆட்டோ கொடுத்தேன். நேராக வந்தது, ஆனால் வீட்டில் எல்லாரும் ஏதோ சரியில்லை என்கிறார்கள். எங்கள் கோயில் காலண்டருக்கு இதைக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்குக் கண் இருக்கிறது.

வருஷா வருஷம் தை பிறந்தால் இந்தக் கொடுமையைப் பார்க்கிறேன். காலண்டரில், திருவிழா ஃப்ளெக்ஸில், கும்பாபிஷேகப் பத்திரிகையில், எங்கே பார்த்தாலும் கோபுரத்தை அப்பார்ட்மெண்ட் மாதிரி நிமிர்த்திப் பெட்டியாக்கி வைத்திருக்கிறார்கள். ஐயா, கோபுரம் பிறக்கும்போதே குறுகித்தான் பிறக்கிறது. கீழே கருங்கல் பகுதிதான் ஏறக்குறைய செங்குத்து. அதற்கு மேலே செங்கல்லும் சுதையுமாக எழும்பும் நிலைகள், அதாவது அடுக்குகள், ஒன்றைவிட ஒன்று சிறிதாகிக்கொண்டே போகும், ஸ்தபதி கணக்குப் போட்டு வைத்த சரிவு அது. நீங்கள் கீழே நின்று அண்ணாந்து எடுக்கும்போது கேமரா தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் குவிக்கிறது. நீக்க வேண்டியது கேமரா சேர்த்ததை மட்டும். ஆட்டோ பட்டனுக்கு ஸ்தபதியும் தெரியாது, சுதையும் தெரியாது. இரண்டு பக்கமும் நீளமாகச் சாய்ந்த விளிம்பு தெரிந்தால் அது கட்டடத்தின் மூலை என்று நினைத்து இணையாக்கப் பார்க்கும். இரண்டு சரிவையும் சேர்த்துத் துடைத்துவிடும். விளைவு, துவாரபாலகர்கள் இளைத்துப்போவார்கள், உச்சியில் கலசங்கள் அண்டா மாதிரி உப்பிவிடும்.

சரி, என்ன செய்வது? கைடட் கோடுகளைக் கோபுர விளிம்பில் போடவே கூடாது. வாசலின் இரண்டு கல் நிலைக்கால்கள் இருக்கிறதே, அவற்றில் போடுங்கள். அவை நெருக்கமாக இருப்பதால் பிசகு வரும் என்றால், கோபுரத்தின் இரு பக்கமும் ஓடும் மதில் சுவரில் மூலையோ, முன்னால் விளக்குத் தூணோ தெரிந்தால் அதையும் எடுத்துக்கொள்ளலாம். மின்கம்பத்தை நம்பாதீர்கள், நம் ஊரில் நேராக நிற்கும் கம்பம் அபூர்வம். நிமிர்த்தி முடித்ததும், நேர் எதிரே நின்று எடுத்த படமென்றால் ஒரு சோதனை: கலசங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் நடுக் கலசத்தின் நுனியிலிருந்து வாசலின் நடுவுக்கு ஒரு நூல் பிடித்தது போலப் பாருங்கள், அது செங்குத்தாக இருக்க வேண்டும், இரண்டு பக்கச் சரிவும் அதிலிருந்து சமமாக விலக வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் கேமராவைத் திருப்பிப் பிடித்தது போலக் காட்டும், நீங்கள் நின்ற இடத்தை மாற்றாது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், ராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி இருக்கும் தூணிலிருந்து ராமன் தெரிய மாட்டான். அதே கதைதான் இங்கேயும். கோபுரத்தின் காலடியில் நின்று எடுத்த படத்தில் ஒவ்வொரு நிலையும் தனக்கு மேலே பின்வாங்கி இருப்பதைக் கொஞ்சம் மறைத்துவிடும். மறைந்த சிற்பத்தை எந்த ஸ்லைடரும் கொண்டுவராது. தெருக்கோடிக்குப் போய், 85 மில்லிமீட்டர் லென்ஸோ அதற்கு மேலோ வைத்து எடுங்கள். சாய்வும் குறையும், நிலைகளும் தனித்தனியாகத் தெரியும், மென்பொருளுக்கு வேலையே மிச்சம்.

கே: செவ்வாய்ப்பேட்டையில் பழைய வீட்டை எடுக்க வேண்டும். தெரு குறுகல், பின்னால் போக இடமில்லை.

எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டு முதல் மாடிக்கு ஏறுங்கள். கட்டடத்தின் பாதி உயரத்திலிருந்து நேராக எடுத்தால் நிமிர்த்தவே தேவையிருக்காது. அது முடியாது என்றால் போனை நெட்டுக்குத்தலாக, ரசமட்டம் வைத்தது போல நேராகப் பிடியுங்கள், அண்ணாந்து பிடிக்காதீர்கள். கீழ்ப்பாதி முழுக்க ரோடு வரும், பரவாயில்லை, வெட்டிக்கொள்ளலாம். போனின் சாதாரண லென்ஸில் 40 அடி வீட்டின் தலை தெரிய ஏறக்குறைய 50 அடி தள்ளி நிற்க வேண்டியிருக்கும், அல்ட்ராவைடில் 25 அடியே போதும். அதுவும் இல்லை என்றால் மேலும் கீழுமாக இரண்டு மூன்று படம் எடுத்து ஹூகின் என்ற மென்பொருளில் ஒட்டுங்கள், அதிலேயே செங்குத்துக் கோடுகளைக் குறித்து நிமிர்த்தவும் முடியும். இலவசம்தான்.

கே: ஏரிக்கரையை மட்டமாக வைத்துத்தான் நிமிர்த்தினேன், அப்படியும் போட் ஹவுஸ் சாய்கிறது.

ஏற்காடு ஏரிக்கரை கடல் அடிவானம் இல்லை. கரையின் ஒரு முனை உங்களுக்குக் கிட்டே, மறுமுனை தூரத்தில் என்றால் படத்தில் அந்தக் கோடு சாய்ந்துதான் விழ வேண்டும். அதை மட்டமாக்கினால் கட்டடம் சாயும். மலைச் சரிவையும் நம்பாதீர்கள், சில்வர் ஓக் மரங்களையும் நம்பாதீர்கள். தண்ணீர் அசையாமல் இருந்தால் அதைவிட நல்ல தூக்குக்குண்டு கிடையாது: கூரையின் முனையையும் தண்ணீரில் தெரியும் அதே முனையின் பிம்பத்தையும் சேர்த்துக் கைடட் கோடு போடுங்கள். அதுதான் உண்மையான செங்குத்து. மூடுபனியில் எடுத்த படம் என்றால் ஆட்டோவுக்கு விளிம்பே கிடைக்காது, கோட்டை நீங்களேதான் போட்டாக வேண்டும்.

கே: ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவை கிம்ப் மென்பொருளில் நிமிர்த்த முடியுமா?

தாராளமாக. 1930-களில் தொடங்கிய சினிமா ஸ்டூடியோவில் மிஞ்சி நிற்பது அந்த முகப்பு ஒன்றுதான், பார்த்துப் பதமாகச் செய்யுங்கள். பெர்ஸ்பெக்டிவ் கருவியை எடுத்து, திசையைக் கரெக்டிவ் என்று மாற்றி, கட்டத்தின் நாலு மூலையையும் முகப்பின் நாலு மூலையில் உட்கார வையுங்கள். வளைவு லேசாக வீங்கித் தெரிந்தால் அது வேறு நோய், லென்ஸ் கோளாறு, அதை முதலில் தீர்க்க வேண்டும். லென்ஸ் ப்ரொஃபைல் முதலில்!

கே: நான் சிவில் இன்ஜினீயர். நிமிர்த்திய படத்திலிருந்து அளவு எடுத்து எலிவேஷன் (முகப்பு வரைபடம்) வரையலாமா?

சுவரின் ஒரே தளத்தில் இருப்பவற்றுக்கு, ஒரு அளவை நேரில் டேப் வைத்துச் சரிபார்த்த பிறகு, தோராயமாக எடுக்கலாம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி, சன்ஷேடு எல்லாம் பெரிதாகத்தான் காட்டும், உள்வாங்கிய சுவர் சிறிதாகக் காட்டும். பில் போட அந்த அளவைப் பயன்படுத்தாதீர்கள்.

கே: எல்லாக் கோட்டையும் கச்சிதமாக நேராக்கியும் கட்டடம் தலை கனத்து முன்னால் விழுவது போலிருக்கிறது.

கிட்டே நின்று உயரமான கட்டடத்தைப் பார்த்தால் கண் கொஞ்சம் குவிவை எதிர்பார்க்கும். கைடட் முடிந்ததும் வெர்டிகல் ஸ்லைடரில் 5 முதல் 10 வரை கூட்டல் பக்கம் திருப்பிக் கொடுங்கள். 20 டிகிரிக்கு மேல் அண்ணாந்து எடுத்ததை முழுதாக நிமிர்த்தப் பார்த்தால் மேல் மாடிகள் இழுபட்டு மங்கியும் போகும்.

கே: டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் வாங்கலாமா?

படமெடுக்கும்போதே சாய்வைத் திருத்தும் லென்ஸ் அது. அதில் சம்பாதிக்கப் போகிறீர்களா? இல்லையென்றால் வேண்டாம். லட்சத்துக்கு மேல் போகும்.

கே: க்ரூப் போட்டோவில் ஓரத்தில் நின்ற சித்தப்பா பருமனாகத் தெரிகிறார், பின்னால் இருக்கும் பங்களா நேராகத்தான் இருக்கிறது.

வைட் லென்ஸின் குணம் அது. டிஎக்ஸ்ஓ வியூபாயிண்ட் என்ற மென்பொருளில் இதற்கென்றே ஒரு திருத்தம் உண்டு, ஆனால் அவரைச் சரிசெய்தால் பங்களாவின் சுவர் வளையும். அடுத்த முறை அவரை நடுவில் நிறுத்துங்கள்.

கே: வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நிமிர்த்தலாமா?

நிமிர்த்தலாம், பிரிண்ட் போட முடியாது. அனுப்பியவரிடம் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், வெட்டாமல்.