கட்டிலுக்கு அடியில இருக்கற நாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க நாய் செவலை பத்தி அப்பப்போ எழுதறீங்க, அதை படிச்சிட்டுதான் கேக்கறேன். மூணு வாரம் முன்னாடி எங்க தெருவுல பைக் அடிச்சு கிடந்த ஒரு பொட்ட நாயை தூக்கிட்டு வந்தோம். காயம் ஆறிடுச்சு, நடக்குது. ஆனா நாள் முழுக்க கட்டிலுக்கு அடியிலயே கிடக்கு. யாராவது பாத்தா சாப்பிடாது. அத்தை துடைப்பத்தை எடுத்தா உறுமுது. ஒரு காது நுனி வேற வெட்டுப்பட்டிருக்கு, எந்த பாவி பண்ணானோ. என் ஆறு வயசு பையன் அதை கட்டிப்பிடிக்கணும்னு அழறான். இவர், நாட்டு நாய் வீட்டுக்கு சரிவராது, இதை விட்டுட்டு ஒரு லேப்ரடார் வாங்கலாம்ங்கறார். அதுக்கு எங்களை பிடிக்கலையா அக்கா? தப்பு பண்ணிட்டோமா?

- ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

பேர் போட வேண்டாம்னு கேட்டிருந்தீங்க, போடல. பிடிக்காம இல்லம்மா. செவலை எங்க வீட்டுக்கு வந்த கதையை சொல்றேன், முழுசா எங்கயும் எழுதினதில்ல.

2020 மார்ச் கடைசில ஊரடங்கு வந்தப்ப எங்க தெருமுனை டீக்கடையையும் மூடிட்டாங்க. அந்த கடைக்கு வர்றவங்க போடற பொறையிலதான் ஒரு செவப்பு நாய் உயிர் வாழ்ந்துட்டு இருந்தது. ஊரடங்குன்னா அதுக்கு என்ன தெரியும், தினம் விடியக்காலைல வந்து ஷட்டர் முன்னாடி உக்காந்துக்கும், வெயில் ஏறற வரைக்கும் ஷட்டரையே பாத்துட்டு இருக்கும், அப்பறம் எழுந்து போயிடும், மறுநாள் திரும்ப வரும். பால் வாங்க போறப்ப நாலு நாள் பாத்தேன், அஞ்சாம் நாள் தாங்க முடியல, கூட்டிட்டு வந்துட்டேன். அம்மா பேர் வெக்கவே விடல. பேர் வெச்சா ஒட்டிக்கும், கடை திறந்ததும் கொண்டு போய் விட்டுடணும்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க. அதனால செவலைக்கு சோறு வெச்சியா, செவலை எங்க காணும்னு நிறத்தை சொல்லியே பேசிட்டு இருந்தோம், அதுவே பேராயிடுச்சு.

அவளும் பதினோரு நாள் கட்டிலுக்கு அடியிலதான் இருந்தா. தட்டை வெச்சுட்டு லைட்டை அணைச்சிட்டு நாங்க படுத்தப்பறம்தான் நக்கற சத்தம் கேக்கும். அப்ப எனக்கும் உங்களை மாதிரிதான் மனசு கஷ்டமா இருந்தது. அப்பறம் யோசிச்சு பாத்தேன், தெருவுல ஒரு நாய் எங்க படுத்தாலும் யாராவது வந்து எழுப்பிடுவாங்க, கார் அடியில படுத்தா கார் கிளம்பிடும், கடைப்படியில படுத்தா தண்ணி ஊத்துவாங்க. இந்த ஒரு எடத்துல மட்டும் யாரும் துரத்தல. நேத்து துரத்தல, இன்னிக்கும் துரத்தல, நாளைக்கு? அதைத்தான் உங்க நாய் கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டு தினமும் சரிபாத்துட்டு இருக்கு. மூணு வாரம் அதுக்கு பத்தாதும்மா. சிலதுக்கு மூணு மாசம் ஆகும், சிலதுக்கு அதுக்கு மேலயும் ஆகும். கைய விட்டு வெளிய இழுக்காதீங்க. பக்கத்துல தரையில உக்காந்து காய் நறுக்குங்க, ஃபோன் பேசுங்க, அதை பாக்காம உங்க வேலையை பாருங்க. வெங்காயம், பூண்டு போட்ட எதையும் மட்டும் வெக்காதீங்க, அதோட ரத்தத்தை கெடுத்துடும், மிச்ச சாம்பார் சோறும் அதுல சேத்திதான். திராட்சையும் சாக்லேட்டும் கூட ஆகாது.

உறுமறதுக்கு திட்டாதீங்க. உறுமல்ங்கறது அது குடுக்கற எச்சரிக்கை, கிட்ட வராத, பயமா இருக்குன்னு வாய் விட்டு சொல்லுது. அதுக்கு அடி விழுந்தா உறுமறதை விட்டுட்டு நேரா கடிக்க கத்துக்கும். பையன்கிட்டயும் அதையே சொல்லுங்க, கட்டிப்பிடிக்கறது நமக்குதான் பாசம், அதுக்கு யாரோ அமுக்கி பிடிக்கற மாதிரி. அதுவா வந்து மோந்து பாக்கட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேரையும் தனியா விடவே கூடாது, ஒரு நிமிஷம்கூட.

காது பத்தி நீங்க எழுதினதை படிச்சதும் ஒரு நிம்மதி எனக்கு. நுனி மட்டும் நேரா, இல்ல 'வி' மாதிரி வெட்டியிருந்தா அது எந்த பாவியும் பண்ணதில்ல, கருத்தடை ஆபரேஷன் முடிஞ்சதுக்கு அடையாளம். மயக்கத்துல இருக்கறப்பவே வெட்டிடுவாங்க, திரும்ப பிடிச்சு அறுக்கக் கூடாதுன்னு. கருத்தடை பண்ணி, வெறிநாய் தடுப்பூசி போட்டு, பிடிச்ச எடத்துலயே விடற இந்த முறையை சென்னையில ப்ளூ க்ராஸ்ங்கற விலங்கு நல அமைப்பு 1960கள்லயே ஆரம்பிச்சுட்டாங்க, மாநகராட்சி 1996ல எடுத்துக்கிச்சு, 2001ல நாடு முழுக்க விதியாவே வந்தது. அப்போ போட்ட ஊசியை கணக்குல எடுக்காதீங்க, டாக்டர்கிட்ட போய் புதுசா போட்டு வருஷா வருஷம் தவறாம போடுங்க. நகம் கீறினாலும் சரி, பல் பட்டாலும் சரி, சோப்பு போட்டு ஓடற தண்ணில கால் மணி நேரம் கழுவிட்டு அன்னிக்கே கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு போயிடணும். ரேபிஸ் அறிகுறி வந்தப்பறம் காப்பாத்தறது அனேகமா முடியாத காரியம். அத்தை பயப்படறது நியாயம்தான், அவங்ககிட்ட ஊசி போட்ட புக்கை காட்டுங்க.

உண்ணியும் பாருங்க, காது மடிப்புல, விரல் இடுக்குல. அந்த வருஷம் ஜூன் மாசம் செவலைக்கு மூக்குல ரத்தம் வந்தது, ஈறு வெளுத்து போச்சு, டெஸ்ட் எடுத்தா உண்ணிக் காய்ச்சல். இருபத்தெட்டு நாள் மாத்திரை. எதுல வெச்சு குடுத்தாலும் மாத்திரையை மட்டும் துப்பிடுவா. எங்க வீட்டு அடுப்புல அதுவரைக்கும் முட்டை வெந்ததே கிடையாது. அன்னிக்கு அம்மா ஒண்ணுமே சொல்லாம கடைக்கு போய் ரெண்டு முட்டை வாங்கிட்டு வந்து வேக வெச்சாங்க. அதுக்கப்பறம் விட்டுடணும்ங்கற பேச்சே வரல.

உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. திருவண்ணாமலை பக்கம் எடுத்தனூர்ல ஒரு நடுகல் இருக்கு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஆயிரத்து நானூறு வருஷம் ஆச்சு. அதுல செத்துப்போன வீரன் பக்கத்துல ஒரு நாயையும் செதுக்கி, கோவிவன்னு அதோட பேரையும் எழுதியிருக்காங்க. மாடு திருட வந்த கள்ளன கடிச்சு காவல் காத்த நாய். நாட்டு நாய்தான் அதுவும். நம்ம வெயிலுக்கும் நம்ம சாப்பாட்டுக்கும் பழகின உடம்பு, லேப்ரடார் குளிர் தேசத்துலேர்ந்து வந்தது, திருச்சி வெயில்ல அது படற பாட்டை நேர்ல பாத்தவ நான்.

துடைப்பத்துக்கு அம்மா ஒரு வழி பண்ணாங்க. பெருக்கறதுக்கு முன்னாடி அதை தரையில போட்டுட்டு தள்ளி போயிடுவாங்க, செவலை வந்து மோந்து பாத்துட்டு போவா, அப்பறம்தான் எடுப்பாங்க. அவளுக்கு அந்த பயம் போக ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப மூஞ்சியெல்லாம் நரைச்சு போச்சு, ஹால் நடுவுல நீட்டி படுத்திருப்பா, அம்மா அவளை சுத்திதான் பெருக்குவாங்க.

தீபாவளி வருது. நேரம் குறிச்சு குடுத்தாலும் நம்ம ஜனங்க ராத்திரி வரைக்கும் வெடிப்பாங்க. வெளிச்சம் இருக்கறப்பவே ஒண்ணுக்கு கூட்டிட்டு போயிட்டு வந்துடுங்க, ஜன்னல் கதவெல்லாம் சாத்திடுங்க, கழுத்துப்பட்டையில உங்க நம்பர் இருக்கணும், டிவி சத்தமா ஓடட்டும். நடுங்கும். அப்ப நீங்களும் கட்டிலுக்கு பக்கத்துல தரையில படுத்துக்கங்க. எதுவும் பேச வேண்டாம், கைய மட்டும் அது மோந்து பாக்கற தூரத்துல வெச்சிருங்க.

அன்புடன்,
அக்கா