வாகனம் – வாசகர் கேள்வி, எங்கள் பதில்: தோல் இருக்கைக்குப் பசி எடுப்பதில்லை

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்குமேல் லெதர் சீட் பற்றியவை. அதனால் பிரேக், பேட்டரி கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.

மாதம் தவறாமல் லெதர் கண்டிஷனர் (தோலை மென்மையாக வைக்கப் பூசும் களிம்பு) போடுகிறேன். ஆனாலும் ஓட்டுநர் இருக்கை எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கிறது, உட்கார்ந்தால் சட்டை ஒட்டுகிறது. வேறு கண்டிஷனருக்கு மாற வேண்டுமா? – ஈசூன் வாசகர்

மாற வேண்டாம், கொஞ்ச நாளைக்கு நிறுத்திவையுங்கள். அந்தப் பளபளப்பு தோலின் ஆரோக்கியம் அல்ல, அழுக்கு. புது வண்டியின் இருக்கையை நினைத்துப் பாருங்கள்: மங்கலாக இருக்கும், தடவினால் கையில் எதுவும் ஒட்டாது.

இன்றைய கார்களில் வரும் தோலில் பெரும்பாலானவற்றின்மேல் நிறப்பூச்சு இருக்கும், அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத பாலியுரிதேன் பூச்சு இருக்கும். நம் கை படுவது அந்தப் பூச்சின்மேல்தான். கண்டிஷனர் அதைத் தாண்டி உள்ளே இறங்குவது மிகவும் குறைவு. தையல் ஓட்டைகளிலும் நுண்ணிய வெடிப்புகளிலும் கொஞ்சம் போகும், மீதி மேலேயே தங்கும். வியர்வையும் சன்ஸ்கிரீனும் தூசியும் அதனோடு சேர்ந்தால் பிசுக்கு. சந்தேகமாக இருந்தால் மறைவான ஓர் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் பூச்சுள்ள தோல். உறிஞ்சிக் கறுத்தால் பூச்சில்லாத தோல், அதை வீட்டில் தொடாமல் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

சுத்தம் செய்யும் முறை இது. முதலில் மென்மையான பிரஷ் முனை பொருத்திய வெக்யூமால் இருக்கையை உறிஞ்சுங்கள். தையல் மடிப்பை ஒரு கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கும் மணலை எடுப்பது முக்கியம். அந்த மணலோடு தேய்த்தால் உப்புத்தாளால் தேய்த்த கதைதான். பிறகு தோலுக்கென்றே விற்கும், காரமில்லாத கிளீனரை எடுங்கள். பதனிட்ட தோல் லேசான அமிலத்தன்மை உடையது. துணி சோப்பு, சமையலறைக் கிளீனர், சமையல் சோடா எல்லாம் காரம், தோலுக்கு ஆகாது. கையில் கிளீனர் இல்லையென்றால் அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் குழந்தை ஷாம்பு நான்கைந்து சொட்டு கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து துடைக்கலாம்.

கிளீனரை இருக்கையில் பீய்ச்சாதீர்கள், பிரஷ்ஷில் இரண்டு மூன்று முறை பீய்ச்சுங்கள். குதிரைமுடி பிரஷ் இருந்தால் நல்லது. ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம் என்று சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால் நுரை பழுப்பாகத் திரண்டு வரும். அது காய்வதற்குள் ஈரத்துணியால் எடுத்துவிட்டு, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றுங்கள். ஐந்து இருக்கைக்கு வெள்ளைத் துணி ஐந்தாறு வேண்டும். வெள்ளையாக இருந்தால்தான் என்ன வருகிறது என்று தெரியும். பழுப்பும் சாம்பலும் அழுக்கு. இருக்கையின் நிறமே துணியில் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள், மேற்பூச்சு போய்விட்டது என்று பொருள்.

முன் இருக்கைகளில் இன்னொரு கவனமும் வேண்டும். பயணி இருக்கையின் உள்ளே ஆள் உட்கார்ந்திருப்பதை உணரும் சென்சார் உண்டு, பல கார்களில் சாய்வின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும். தண்ணீர் உள்ளே இறங்கினால் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கலாம், அதை அணைக்கப் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

வாரம் ஒருமுறை ஈரத்துணி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளீனர், ஆண்டுக்கு இரண்டு முறை கண்டிஷனர் போதும். ஓர் இருக்கைக்கு ஒரு டாலர் நாணயம் அளவு கண்டிஷனரைத் துணியில் எடுத்துத் தடவி, இருபது நிமிடம் கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். தோல் அதைக் குடிக்கட்டும் என்று இரவு முழுக்க விட்டுவைப்பவர்கள் உண்டு. குடிக்காது. மறுநாள் உங்கள் கால்சட்டைதான் குடிக்கும்.

டிசம்பரில் மூன்று வாரம் திருச்சிக்குப் போய்வந்து பார்த்தால் இருக்கை, ஸ்டியரிங், சீட் பெல்ட் எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். வண்டி பலமாடி நிறுத்துமிடத்தில் நிழலில்தான் நின்றது. – செங்காங் வாசகி

நிழலில் நின்றதுதான் ஒரு காரணம். டிசம்பர் இங்கே சிங்கப்பூரில் வடகிழக்குப் பருவமழைக் காலம். காற்றில் ஈரம், வண்டிக்குள் காற்றோட்டம் இல்லை, தோலின்மேல் வியர்வையும் பழைய கண்டிஷனரும். பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்?

முகக்கவசம் போட்டு, நான்கு கதவையும் திறந்துவைத்து வேலையைத் தொடங்குங்கள். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள், வித்துகள் கூரைத்துணி வரைக்கும் பறந்து உட்காரும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, நனைத்துப் பிழிந்த துணியால் ஒரே திசையில் துடைத்து, ஒவ்வொரு தடவையும் துணியின் புதுப் பக்கத்தை மடித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் கழித்து மேலே சொன்னபடி கிளீனர். குளோரின் வெளுப்பான் கூடவே கூடாது. தோல், தையல் நூல் இரண்டையும் கெடுக்கும், வினிகரோடு கலந்தால் நச்சு வாயுவும் வரும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துத் துடைத்து, காயும்வரை கிளிப் போட்டு உள்ளே போகாமல் பிடித்துவையுங்கள்.

பிறகு ஏர்கானைப் போட்டு வண்டியை அரைமணி ஓட்டிவாருங்கள், உள்ளே இருக்கும் ஈரத்தை அது எடுக்கும். நிறுத்தி வைத்தபடி இயந்திரத்தை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றம் என்பதால்தான் ஓட்டச் சொல்கிறோம்.

துடைத்து இரண்டே வாரத்தில் மறுபடியும் வந்தால் தரைவிரிப்பைப் பாருங்கள். முன் பயணி கால் வைக்கும் இடத்தை உள்ளங்கையால் அழுத்தினால் ஈரம் கசிகிறதா? ஏர்கான் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் இருக்கையைத் துடைப்பது வீண்வேலை.

ஊருக்குப் போகும்போது பலர் துணி அலமாரிக்கு வாங்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவை இருக்கையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. உறிஞ்சிய நீர் அடியில் உப்புக் கரைசலாகத் தேங்கும். கவிழ்ந்து தோலில் கொட்டினால் அந்த இடம் சுருங்கி விறைத்துவிடும், எந்தக் கண்டிஷனராலும் மீட்க முடியாது. சிலிக்கா ஜெல் பையை வையுங்கள்.

தனியார் வாடகை வண்டி ஓட்டுகிறேன். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கைச் சுத்திகரிப்பானாலும் ஈரத் துடைப்புத்தாளாலும் பின்னிருக்கையைத் துடைப்பேன். இப்போது சில இடம் பிசுபிசுக்கிறது, சில இடம் வெளிறிவிட்டது. – உட்லண்ட்ஸ் வாசகர்

ஆல்கஹால் மேற்பூச்சை மெல்ல மெல்ல இளக்கும். ஒரு தடவையில் தெரியாது. நாளுக்குப் பதினைந்து தடவை என்றால் ஆண்டுக் கணக்கில் தெரியும். வெளிறிய இடத்தில் பூச்சு தேய்ந்துவிட்டது, பிசுபிசுக்கும் இடத்தில் துடைப்புத்தாள் விட்டுப்போன மிச்சம். பிசுக்கு, கிளீனருக்கு இரண்டு சுற்றில் போகும். வெளிறியது போகாது, நிறப்பூச்சுதான் வழி.

இனிமேல் ஈர மைக்ரோஃபைபர் துணி ஒன்று, உலர்ந்தது ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒருமுறை கிளீனர் போடுங்கள். ஜீன்ஸ் சாயம் ஏறிய நீலக் கறையையும் அந்தந்த வாரமே எடுத்துவிடுங்கள். சூட்டில் ஊறினால் சாயம் பூச்சுக்குள் இறங்கிவிடும். அதை எடுக்க மேஜிக் ஸ்பாஞ்ச் வாங்காதீர்கள். பார்க்க மெத்தென்று இருந்தாலும் அது மிக நுண்ணிய உப்புத்தாள். கறையோடு பூச்சையும் சுரண்டும். அந்த இடத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மற்ற இடத்தைவிடச் செத்த நிறமாகத் தெரியும்.

லெதருக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும், ஊரில் செருப்புக்கு அதைத்தான் போடுவார்கள் என்கிறார் மாமியார். – ஜூரோங் வெஸ்ட் வாசகி

மாமியார் சொல்வது செருப்புக்குச் சரி. அந்தத் தோலுக்கு மேற்பூச்சு இல்லை, எண்ணெய் உள்ளே போகும். கார் இருக்கையில் அது மேலேயே நின்று சிக்கடித்து, தூசியைப் பிடித்து, பூசணத்துக்குச் சாப்பாடாகும். தலைக்கு எண்ணெய் வைத்து உட்காருபவர்களின் தலைசாய்ப்பைப் பாருங்கள், நடுவில் கருத்த வட்டம் இருக்கும். அங்கே கிளீனர் நுரையை ஒரு நிமிடம் ஊறவிட்டுத் தேய்க்க வேண்டும், சில சமயம் மூன்று சுற்று. அதற்குப் பிறகு ஒரு பருத்தித் துண்டைப் போட்டுவையுங்கள்.

தேக்காவில் வாங்கிய மீன் குழம்பு, பழுப்பு வெள்ளை இருக்கையில் கொட்டிவிட்டது. துடைத்தபின்னும் மஞ்சள் நிற்கிறது. – பொங்கோல் வாசகர்

குழம்பில் எண்ணெய், மஞ்சள் இரண்டும் உண்டு. எண்ணெய் கிளீனரோடு போய்விடும். மஞ்சளைத் தேய்த்து எடுக்க முயன்றால் பூச்சுதான் போகும். மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்கு நிற்காது, வேட்டியில் பட்ட மஞ்சள் வெயிலில் வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் நேர் வெயில் படும்படி சில நாள் திறந்தவெளியில் நிறுத்துங்கள், பெரும்பகுதி மங்கிவிடும். குழம்பு தையலுக்குள் போயிருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அடியிலுள்ள ஃபோம் நாறத் தொடங்கும். தேத்தண்ணீர் கொட்டினாலும் இதே கதை, பாலும் சீனியும் சேர்ந்து.

ஏறி இறங்கும் பக்கத்து மேட்டில் ஓட்டுநர் இருக்கை வெடித்திருக்கிறது. சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிய இன்னும் மூன்று ஆண்டு. முழு இருக்கையையும் மாற்றவா? – தெம்பனிஸ் வாசகர்

கோடு கோடாக நிறம் மட்டும் உடைந்திருந்தால் மாற்ற வேண்டாம். வெடிப்பைச் சுத்தம் செய்து, 600 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தோல் நிரப்பியை மெல்லிய படலமாக இரண்டு மூன்று தடவை பூசி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் தேய்த்து, நிறம் அடித்து, கடைசியில் மேற்பூச்சு கொடுப்பார்கள். ஒழுங்காகச் செய்தால் மூன்று ஆண்டு தாங்கும். தோல் கிழிந்து ஃபோம் தெரிந்தால் அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டித் தைத்து மாற்றச் சொல்லுங்கள்.

வேலைக்குக் கொடுக்கும் முன் சிலிக்கான் கலந்த பாலிஷ் போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அது இருக்கும் இடத்தில் நிறம் பிடிக்காமல் வட்டம் வட்டமாக விலகிப்போகும்.

காற்று வரும் ஓட்டை போட்ட இருக்கைக்கு? – அங் மோ கியோ வாசகர்

எதையும் நேரே ஊற்றாதீர்கள், துணியில் எடுத்துத் தடவுங்கள். கண்டிஷனரை அந்தப் பகுதியில் விட்டுவிடலாம். ஏற்கெனவே வெள்ளையாக அடைத்திருந்தால் பல்குச்சியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஊசி வேண்டாம், ஓட்டை பெரிதாகும்.

மிச்சமிருக்கும் கண்டிஷனரை ஸ்டியரிங்கிலும் போடலாமா? – பிடோக் வாசகி

வேண்டாம், கை வழுக்கும்.